பெட்டியும் கேள்விக்குறியும்

கம்பனியில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் போன மாதம் எனக்குப் போன் எடுத்தார்கள். "சேர், முந்தி டெஸ்க்டொப் புரோகிராமில தமிழக் காட்டுறதுக்குப் பெரிய பாடு பட்டிங்களாமே. எழுதித் தாங்களேன், நாங்களும் வாசிப்பம்" என்றார்கள். அவர்களுடைய திரையில் இன்று தமிழ், சிங்களம், அறபு மூன்றும் ஒரே கட்டத்துக்குள் சண்டை பிடிக்காமல் வந்து நிற்கின்றன. கடைசியில் சிரிக்கிற மூஞ்சி ஒன்றையும் போட்டுவிடுகிறார்கள். அதற்காக ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டியதில்லை. பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வேலை பார்த்த காலம் முழுக்க என்னை விட்டுப் பிரியாமல் இருந்ததும் அந்தக் குணம்தான். எழுத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். இதைத் தொடாமல் அதை எழுத எனக்கு வழி தெரியவில்லை.

நான் பாலமுனையில் பிறந்தவன். உயர்தரத்தில் கணிதம் படித்து, பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப்போய், கொழும்பில் ஆறு மாதம் கணினி படித்துத் திரும்பி, கல்முனையில் ஹாஜியாருடைய கம்பனியில் சேர்ந்தேன். பிடவைக் கடை ஒன்றின் மேல்மாடி. பார்மசிக்கும் அரிசி ஆலைக்கும் கூட்டுறவுக் கடைக்கும் புரோகிராம் செய்து கொடுப்போம். தமிழ் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு தந்திரம் வைத்திருந்தோம். உள்ளே ஆங்கில எழுத்துகளைச் சேமித்துவிட்டு, அவற்றின் மேல் தமிழ் வடிவம் கொண்ட எழுத்துருவைப் போர்த்திவிடுவோம். எழுத்துரு இருக்கிற இடத்தில் தமிழ். இல்லாத இடத்தில் குப்பை. பத்து வருடம் அந்தத் தந்திரத்தில்தான் எனக்குச் சோறு கிடைத்தது. அதில் என்னை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் இல்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஹாஜியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களோடு கதைக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டார், திரையைத்தான் பார்ப்பார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி வைத்திருந்தார். எங்கள் பழைய எழுத்துருவைத் தவிர அதில் யாரும் எதையும் நிறுவக் கூடாது. முடிந்தது என்று நாங்கள் சொல்கிற ஒவ்வொரு புரோகிராமையும் அதில்தான் ஓட விடுவார். முதலில் தன் தாயாரின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவார்: ஹாஜறா உம்மா. சேமிப்பார். புரோகிராமை மூடுவார். கணினியையே நிறுத்திவிட்டு ஒரு பிளேன்டீ குடிப்பார். பிறகு திரும்பப் போட்டு, அந்தப் பெயரைத் தேடி எடுத்துப் பார்ப்பார்.

"மெஷின் படுத்து எழும்பின பொறகும் என்ட உம்மாட பேர் அப்பிடியே இரிக்கோணும். அப்பதான் அது சாமான்" என்பார்.

அந்தக் கம்பனியில் தட்டச்சுக்கு வந்தவள் யோகேஸ்வரி, யோகா என்று கூப்பிடுவோம். வினாயகபுரத்தில் மீன்பிடிக் குடும்பம். விடிந்ததும் பஸ் ஏறி அக்கரைப்பற்றில் மாறி வருவாள். நான் பாலமுனையில் ஏறும்போது யன்னல் பக்கத்து ஆசனத்தில் ஏற்கெனவே இருப்பாள். மடியில் அச்சுப் பிரதி எடுத்த தாள்கள். முதலில் ஏதோ கதை வாசிக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். விண்டோஸ் எழுத்துகளை எப்படி வரைகிறது என்பது பற்றிய விளக்கம். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது. ஓலுவில் தாண்டி, நிந்தவூர் தாண்டி, காரைதீவு தாண்டி, கல்முனை வரும்வரை அவள் தாளைத் திருப்புகிற சத்தத்தை எண்ணிக்கொண்டு வருவேன். நானும் ஒரு தாளை எடுத்து வாசித்திருக்கலாம். எண்ணத்தான் முடிந்தது.

யுனிகோட் எங்கள் பக்கம் வந்தபோது என் தந்திரத்துக்குக் காலம் முடிந்தது. இதில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் சொந்தமான எண் உண்டு, போர்வை தேவையில்லை. ஆனால் நாங்கள் பாவித்த புரோகிராம் மொழியில் ஒரு வில்லங்கம் இருந்தது. உள்ளுக்குள் யுனிகோட்டை ஒழுங்காக வைத்திருக்கும். திரையில் போர்ம் என்கிற படிவத்தில் காட்டுகிற நேரம் பழைய சிறிய அட்டவணை ஒன்றுக்குள் எழுத்துகளை நெருக்கித் தள்ளும். அந்த அட்டவணையில் தமிழுக்கு இடமில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை நட்டுவிடும். ஹாஜறா உம்மாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும்.

சனிக்கிழமைகளில் ஹாஜியார் எங்களுக்குள் வகுப்பு வைக்கச் சொல்வார். ஒரு வகுப்பில் நான்தான் விளக்கினேன். திரையில் எழுத்துக்குப் பதில் பெட்டி பெட்டியாக வந்தால் பயப்படத் தேவையில்லை, எழுத்து உள்ளே உயிரோடு இருக்கிறது, அதை வரைய அந்தக் கணினியில் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். கேள்விக்குறி வந்தால் பயப்பட வேண்டும். அப்படியே சேமித்துவிட்டால் எழுத்து மௌத்து. யோகா அதைக் கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள். எனக்கு அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கடல் ஊருக்குள் வந்து போனதற்குப் பிறகு, கரையோரத்துப் பள்ளிவாசல் ஒன்றிலிருந்து நிர்வாகிகள் வந்தார்கள். அவர்களுடைய குடும்பப் பதிவு அட்டைகள் உப்புத் தண்ணீரில் ஊறி, காய்ந்து, ஓரம் உதிர்ந்து கிடந்தன. எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாய்வழி. ஒரே வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் ஒரு குடி, புருஷன் தன் தாயின் குடி. ஒவ்வொரு குடிக்கும் பொறுப்பாகப் பள்ளியில் ஒரு மரைக்கார். அந்த அட்டைகளில்தான் யார் எந்தக் குடி, யார் பிறந்தார், யார் மௌத்தானார் எல்லாம் இருந்தது. முழுவதையும் கணினியில் ஏற்றிப் பார்க்கிற மாதிரிச் செய்து தர வேண்டும் என்று கேட்டார்கள்.

யோகா அட்டைகளைப் பழைய தந்திரப்படி தட்டினாள். ஒரு வீட்டுக்குள் இரண்டு குடி வருவதை அவளுக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அவர்கள் பக்கத்திலும் குடி தாய்வழிதான். எங்கள் பள்ளி விஷயம் என்னைவிட அவளுக்குச் சுளுவாக ஓடியதும் எனக்கு எரிந்தது. தட்டி முடித்து மரைக்கார்மார் ஒப்புப் பார்த்ததும் அட்டைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு அட்டையின் தலையிலும் அல்லாஹ்வின் பெயர் வரும் பிஸ்மி எழுதியிருந்தது. அப்படிப்பட்ட கடதாசியைக் குப்பையில் போட முடியாது. மையவாடியின் ஒரு மூலையில் குழி வெட்டிச் சாக்குச் சாக்காக அடக்கினார்கள். நானும் நின்று மண் போட்டேன்.

அதன் பிறகுதான் ஹாஜியார் அந்தக் காரியத்தைச் செய்தார். தட்டியதை யுனிகோட்டுக்கு மாற்றுகிற வேலையையும் திரையில் காட்டுகிற வேலையையும் யோகாவிடம் கொடுத்தார்.

"மூணு மாசம் பாப்பம் மகள். சரி வந்தா நீங்களும் றசீத் மாதிரிப் புரோகிராமர். சரி வராட்டி டைப்பிங் மேசை அங்கதான் இரிக்கி" என்றார்.

றசீத் மாதிரி. என் பெயர் வந்த அந்த இரண்டு சொல்லை நான் எத்தனை நாள் சப்பிக்கொண்டு இருந்தேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். சரி வரக் கூடாது என்று நினைத்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது, அதைத்தான் நினைத்தேன்.

அவள் செய்த முறை நேர்த்தியானது. போர்மில் எழுத்தைக் காட்டுகிற வழக்கமான கட்டங்களை எல்லாம் தூக்கிவிட்டாள். வெறும் இடத்தை விட்டு, யுனிகோட் எழுத்துகளை நேராக விண்டோஸிடம் கொடுத்து நீயே வரைந்துகொள் என்று விட்டாள். இடையில் அந்தச் சிறிய அட்டவணைக்கு வேலையே இல்லை. அவளுடைய கணினியில் பெயர்கள் முத்து மாதிரி வந்தன. இரண்டாம் மாத முடிவில் ஹாஜியாரின் பழைய கணினியில் போட்டாள். அவர் தாயார் பெயரைத் தட்டினார். வந்தது முழுக்கப் பெட்டி.

ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். "என்ன றசீத் இது?"

ஒரே பார்வையில் எனக்கு விளங்கியது. அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை. விண்டோஸ் சீடியைப் போட்டு, மொழி அமைப்பில் ஒரு சரி அடையாளம் இட்டால் பத்து நிமிட வேலை. நான் திரைக்குக் கிட்டக் குனிந்து, பெரிய வைத்தியர் மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டினேன்.

"எழுத்தெல்லாம் பழுதாப் போயிட்டு ஹாஜியார்" என்றேன்.

யோகா என்னையே பார்த்தாள். "ஹாஜியார், பெட்டி வந்தா எழுத்து உள்ளுக்க இரிக்கெண்டு சேர்தான் அண்டைக்குச் சொன்னவர்."

"அது வேற கேஸ்" என்றேன்.

பெரியவர் முன்னால் மூத்தவனோடு வாதாடுகிற வழக்கம் எங்கள் கம்பனியில் இல்லை. ஹாஜியார் கொஞ்ச நேரம் அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு வேலையை என்னிடம் கொடுத்தார். மறுநாள் யோகா டைப்பிங் மேசையில் இருந்து கல்யாணக் கார்ட் தட்டினாள். அன்று பஸ்ஸில் தாள் திருப்புகிற சத்தம் இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவளுடைய புரோகிராமை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. என் வழியில் புதிதாக எழுதினேன். ஒவ்வொரு பதிவையும் போர்மில் உள்ள கட்டங்களுக்குக் கொண்டுவந்து, கட்டத்திலிருந்து திரும்ப எடுத்துச் சேமிக்கிற முறை. கண்ணால் பார்த்துச் செய்வதுதான் பத்திரம் என்று பழகிய கை. போர்மைச் சுருக்கி வைத்தால் வேகமாக ஓடும். ஒரு புதன்கிழமை லுஹர் தொழுகைக்குப் போகிற நேரம் அப்படிச் சுருக்கி ஓட விட்டேன். தொழுது, சாப்பிட்டு வந்து, முடிந்தது என்ற செய்தியைக் கண்டதும் பழைய பிரதிக்கு மேலேயே புதிய பிரதியை எழுதினேன். அதற்குப் பிறகுதான் திறந்து பார்த்தேன்.

கேள்விக்குறி. முதலாவது பதிவிலிருந்து கடைசிப் பதிவு வரை, பெயர், தாயின் பெயர், குடி எல்லாமே கேள்விக்குறி. அந்தச் சிறிய அட்டவணை என் கட்டங்களுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்றிருந்தது. மற்றவர்களுக்கு நான் விளக்கிக் கொடுத்த அதே பிழை. அட்டைகளோ மண்ணுக்குள். சனிக்கிழமை மரைக்கார்மார் வருவதாக ஏற்பாடு.

அன்று பின்னேரமும் அடுத்த நாள் காலையும் நான் என்ன செய்தேன் என்று இப்போது நினைத்தாலும் சரியாக வரவில்லை. திரையை மூடி மூடித் திறந்தேன். ஒரு ஊர் முழுவதையும் இரண்டாம் தடவை தண்ணீருக்குள் விட்டுவிட்டு இருக்கிறேன் என்பது மட்டும் விளங்கியது. ஹாஜியார் உள்ளே இருந்தார். எழும்பிப் போய்ச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பத்து மணி போல யோகா என் மேசைக்கு வந்தாள். அவளுடைய கதிரையிலிருந்து பார்த்தால் என் திரை தெரியும். கையில் இருந்த சீடியை என் கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதில பழைய பைல் கிடக்கு சேர். டைப் பண்ணின அண்டண்டைக்கு எழுதி வெச்ச. ஆக்கள் பாத்து முடிக்குமட்டும் நான் ஒண்டையும் அழிக்கிறல்ல. என்ட புரோகிராமும் அதிலதான் கிடக்கு."

"ஹாஜியாரிட்டச் சொன்னயா?"

"இல்ல."

போய்விட்டாள். நான் நன்றி சொல்லவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் என் மனதில் முதலில் வந்தது, இந்தப் புத்தி எனக்கு ஏன் வராமல் போனது என்கிற எரிச்சல்தான்.

அவளுடைய புரோகிராமில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் ஓட விட்டேன். ஹாஜியார் தொழுகைக்குப் போன நேரம் பழைய கணினியில் அந்தச் சரி அடையாளத்தையும் இட்டேன். நிறுவக் கூடாது என்ற சட்டத்தை முறித்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை மரைக்கார்மார் வந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் குடியை வாசித்துக் கேட்டுத் தலையாட்டினார்கள். பொன்னாச்சி குடி மரைக்காருக்கு வயது போயிருந்தது. தன் மகளின் பெயரை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மகள் பெயர், அவளுடைய மூன்று பிள்ளைகளின் பெயர்கள், நாலு பேருக்கும் நேரே மௌத் என்று ஒரே திகதி. அவர் திரைக்குக் கிட்டப் போய் விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டார்.

"இரிக்கிதானே, அழியாதே?" என்று கேட்டார்.

"அழியாது மரைக்கார்" என்றேன். மூன்று நாளைக்கு முன் நான் அழித்த பெயர்கள் அவை.

"ஆர் தம்பி செஞ்ச?"

ஹாஜியார் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். யோகா தன் மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டிக்கொண்டு இருந்தாள். "நான்தான்" என்றேன். மரைக்கார் இரண்டு கையையும் ஏந்தி, என் பெயரைச் சொல்லி, என் வாப்பா உம்மாவுக்கும் சேர்த்துத் துஆக் கேட்டார். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். நானும் கையை ஏந்திக்கொண்டு நின்றேன். திருடிய சாமானைக் கையில் வைத்திருப்பவனுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே யோசனை. பணமாக இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். கேட்டு முடிந்த துஆவை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது. திங்கட்கிழமை காலையில் ஹாஜியாரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, அது வேற கேஸ், லுஹர், சீடி, எதையும் விடவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தால் துடைத்தார். அன்றுதான் முதன்முதலாக முகத்தைப் பார்த்துக் கதைத்தார்.

"சரி றசீத். வேலையப் பொறகு பாப்பம். மொதல்ல மரைக்காருக்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க. அவரு துஆவ ஆள் மாறிக் கேட்டிரிக்காரு."

போனேன். மரைக்கார் வேலியோரம் கதிரை போட்டு இருக்க வைத்து, தேத்தண்ணி தந்து, முழுவதையும் கேட்டார். கோபிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரை இரண்டு தரம் கேட்டு வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு கையை ஏந்தி அவளுக்குத் துஆக் கேட்டார். நானும் ஆமீன் சொன்னேன். எனக்குக் கேட்டதைவிட இது நீளம் என்பதையும் கவனித்தேன்.

அந்தக் கிழமையே யோகா புரோகிராமர் ஆனாள். என் மேசைக்குப் பக்கத்தில் மேசை. பிறகு எனக்கு மேலே போனாள். ஹாஜியார் மௌத்தான பிறகு கம்பனியை நடத்துவதும் அவள்தான். ஒவ்வொரு படியிலும் எனக்கு எரிந்தது. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவளைவிட நான் உயரம் என்று வைத்திருந்தேன். ஒருவரும் கேட்காமல், நானாகப் போய், என் வாயால் என் குற்றத்தைச் சொன்னவன் நான். அந்தத் திங்கட்கிழமையை வைத்துத்தான் இத்தனை வருடமும் நிமிர்ந்து நடந்தேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று கம்பனியில் சாப்பாடு வைத்தார்கள். எல்லோரும் கை கழுவப் போயிருந்தபோது யோகாவும் நானும் தனியாக இருந்தோம். நன்றி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து ஒரு தரமாவது கேட்க வேண்டும் போல இருந்தது.

"அண்டைக்கு நான் ஹாஜியாரிட்டப் போய்ச் சொல்லாட்டி நீங்க இன்னும் கல்யாணக் கார்ட்தான் அடிச்சிக்கொண்டு இருந்திருப்பிங்க, என்ன யோகா?" என்றேன்.

அவள் சிரித்தாள். "கோவிக்கப்படா சேர். நான் ஞாயிற்றுக்கிழமையே ஹாஜியார்ட வீட்ட போய்ச் சொல்லிட்டன்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"பைலெல்லாம் கொண்டுபோய்க் காட்டினனான். அவர் பாத்திட்டுச் சொன்னார், இத ஒருத்தரிட்டயும் சொல்லப்படா மகள், நாளைக்கு றசீத் தானா வந்து சொல்லுவாரு, அது மட்டும் பொறுங்க எண்டு. கடைசிவரைக்கும் உங்களிட்டச் சொல்லவேணாம் எண்டவர். இப்ப அவரும் இல்ல, நீங்களும் போறிங்க. அதான் சொல்றன்."

"நான் வருவன் எண்டு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அது எனக்குத் தெரியா சேர். நான் நீங்க வரமாட்டிங்க எண்டுதான் நினைச்சிருந்தன்."

வேறு யாராவது என்றால் அங்கேயே கண் கலங்கியிருப்பார்கள். அந்த மனிதர் என்னை அவ்வளவு நம்பியிருக்கிறார். ஒரு இரவு முழுக்க எனக்காகப் பொறுத்திருக்கிறார். பஸ்ஸில் பாலமுனை வந்து இறங்கும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். என்னை நம்புகிறார் என்பதை ஹாஜியார் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, அவளிடம் சொல்லியிருக்கிறாரே என்றுதான் எனக்கு வழி நெடுக எரிந்தது.